மீன்பாடி வண்டியில் ஏறிய மலை சைக்கிள்

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. வழக்கம்போல எழுந்தேன், மோட்டார் போட்டேன், பால் காய்ச்சினேன், முந்தைய நாள் டைரியை எழுதினேன், செய்தித்தாளைப் படித்துவிட்டு வந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன். சர்க்கரை மாத்திரையையும் மறக்கவில்லை. மதியத்துக்குள் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைச் சைக்கிள் திருடன் என்று நம்பப்போகிறார்கள் என்பதற்கு இதில் எந்த அறிகுறியும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் குணம்தான். நான் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிறவன் அல்ல. (நிதானமாகவும் முடிவு செய்கிறவர் அல்ல என்பாள் என் மனைவி எஸ்தர்.)

எங்களிடம் ஒரு பழைய கியர் சைக்கிள் இருந்தது. மலையேறும் சைக்கிள் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது ஏறிய ஒரே மலை பெருங்களத்தூர் மேம்பாலம். கியர் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டு வருடக்கணக்காகிவிட்டது. அந்த மே விடுமுறையில், பள்ளி ஆசிரியையான எஸ்தர், தலை நரைத்த பிறகு, அதில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாள். எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்துவாள். ஒருநாள் நான் விட்டதே தெரியாமல் நேராகப் போனாள். அப்படி நேராகவே போய்ச் சுற்றுச்சுவரில் மோதினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளுக்குக் கைப்பிடி ஒரு பக்கம் வளைந்தது, பிரேக் இரண்டும் போயின.

அடுத்த மாதமே கூடை வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி, காலையில் ஏரிக்கரை வரை தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். "நீங்களும் வாங்களேன்" என்று தினமும் கூப்பிடுவாள். பழசைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்று முடிவானதும் வருகிறேன் என்பேன். ஆகஸ்ட் வந்தும் முடிவாகவில்லை. பால்கனியில் நின்ற சைக்கிள்மேல் துண்டுகள் காய்ந்தன. வெள்ளிக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டே எஸ்தர் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை காலைல என்கூட வாங்க. இல்லன்னா இனிமே கூப்பிட மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சனிக்கிழமை அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூர்த்தியின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"ஃப்ரேம் கல்லு மாரி கீது சார். மத்ததெல்லாம் மாத்தணும். புதுசு வேணுமா, அதும் கீது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு சொல்லு. ஆதார் கார்டு மட்டும் குட்த்துட்டுப் போ."

அசல் ஆவணங்களை வெளியே எடுத்துச் செல்கிற பழக்கம் எனக்கில்லை. "அதுக்குப் பதிலா என் சைக்கிள வெச்சுக்கங்களேன்" என்றேன்.

மூர்த்தி அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். (இரண்டில் எது அதிகப் பழசு என்று யோசித்திருக்கலாம்.) "செரி, வெச்சிட்டுப் போ" என்றார்.

கடை வாசலில் ஒரு பலகை: 'பழைய சைக்கிள் எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளப்படும்'. அதன் அடியில் என் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். அங்கே வைத்தால்தான் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றியது.

புதுச் சைக்கிளில் உட்கார்ந்தது பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தது போல இருந்தது. நாலு தெரு சுற்றினேன். புதுசுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்தும்விட்டேன்.

நான் சுற்றிக்கொண்டிருந்தபோது மூர்த்தி டீ குடிக்கப் போயிருக்கிறார். கடையைப் பார்த்துக்கொண்டது அவருடைய மைத்துனர் கஜா. காயலான் கடைக்காரர் பழைய இரும்பு கேட்டு வந்ததும், பலகைக்குக் கீழே இருந்ததைக் கஜா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

தெருமுனைக்குத் திரும்பிய என் முன்னால், சாமான் ஏற்றப் பலகை வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று போனது. அதன் பலகையில், ஒரு பீரோக் கதவின் அடியிலிருந்து, எஸ்தர் வளைத்த அந்தக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "அண்ணா! நிறுத்துங்க! அது என்னுது!" என்று கத்தியபடி வேகமாகப் போவதற்காகக் கியர் பொத்தானை அழுத்தினேன். ஒரே கியரில் வாழ்ந்து பழகியவனுக்கு எது ஏற்றும், எது இறக்கும் என்று எப்படித் தெரியும்? கால்கள் கிரைண்டர் மாதிரி சுழன்றன, சைக்கிள் நகரவில்லை. மறுபடி அழுத்தினேன், இன்னும் மோசமானது. காலை நடை முடித்துத் திரும்பிய ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு போனார்.

நான் கடையைத் தாண்டியும் நிற்காமல் போவதைக் கஜா பார்த்தார்.

"யோவ், வண்டி! வண்டிய தூக்கிகினு போறான்யா!" என்று மொபெட்டை எடுத்தார்.

பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. பூ விற்கிற அக்கா கன்னத்தில் கை வைத்தார். "இன்னா சார், சட்டைய டக்-இன் பண்ணிகினு சைக்கிள் திருட்ற?" (எங்கள் குடியிருப்பில் 'சைக்கிள் திருடர்கள் நடமாட்டம், எச்சரிக்கை' என்று அறிவிப்பு ஒட்டியவனே நான்தான்.)

ஜிஎஸ்டி சாலைக்குத் திரும்பும் இடத்தில், நெரிசலில் மீன்பாடி வண்டி நின்றது. நான் பழைய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கஜா புதுச் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு சார்" என்றார் காயலான் கடைக்காரர். "துருப் புடிச்ச இரும்புக்கு ஏன் இப்டி பேஜார் பண்ற?"

அதற்குள் மூர்த்தி டீ கிளாஸும் கையுமாக ஓடி வந்துவிட்டார். "டேய் கஜா, அவரு கஸ்டமர்டா!"

"கஸ்டமர்னா ஏன் மாமா ஓடுறாரு?"

"எங்கடா ஓடினாரு? அவரு நவுந்த மாரியே தெர்லயே!"

பீரோக் கதவைத் தூக்கினோம். முன்சக்கரம் பொரித்த அப்பளமாக வளைந்திருந்தது. மூர்த்தி தலையைச் சொறிந்தார். "தப்பு எங்களுதுதான் சார். இப்ப சொல்லு, புதுசா, பழசா?"

"பழசு" என்றேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது திருமண ஆராதனையில் போதகர் கேட்டபோது மட்டும்தான். அடுத்த சனிக்கிழமைக்குள் புதுச் சக்கரம், செயின், பிரேக் எல்லாம் போட்டுத் தருவதாக மூர்த்தி சொன்னார்.

ஆனால், ஞாயிறுக்கு என்னிடம் சைக்கிள் இல்லை. அதை எஸ்தரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அதற்குத் தேவை இருக்கவில்லை. பூக்கார அக்கா எஸ்தருக்குச் சிநேகிதி.

கதவைத் திறந்த எஸ்தர், எல்லாம் தெரிந்திருந்தும், முழுவதையும் என் வாயால் சொல்லவைத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. பிறகு கேட்டாள்: "புதுசத் தூக்கினதே தூக்கினீங்க, அப்படியே வீட்டுக்கு ஓட்டிட்டு வந்திருக்கக் கூடாது?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜோ ஃபேனோ பழுதாகி நான் யோசிக்க ஆரம்பித்தால், எஸ்தர் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்ப்பாள். "மீன்பாடி வண்டி வரட்டும். ஐயா உடனே முடிவு பண்ணிடுவார்."

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலை முதல் வேலையாக, எஸ்தருடைய சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஆடாம உக்காருங்க" என்றாள், ஏரிக்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டே.