மஹீனுக்காகக் கூடிய உயர்மட்டக் குழு

ஒரு பதினேழு வயதுப் பெண் என்ன படிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்ய வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? "அந்தப் பெண்தான்" என்று சொன்னால், 2003 ஜூலையில் நீங்கள் குரோம்பேட்டையில் குடியிருக்கவில்லை என்று அர்த்தம். மனித குலம் கண்டுபிடித்ததிலேயே விஞ்ஞானபூர்வமான முறை அங்கேதான் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பெயர் 'நாலு பேரைக் கேட்பது'.

ஜி.எஸ்.டி. ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருந்த கலீலுக்கு இந்த முறையில் அசைக்க முடியாத நம்பிக்கை. மறுநாள் மகள் மஹீனுக்கு கிண்டியில் இன்ஜினியரிங் கவுன்சலிங். அவளோ என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள்.

"சிவில் எடுக்கிறேன் அத்தா. நம்ம தெருவுல மழைத்தண்ணி ஏன் வடியலைன்னு பம்மல் வரைக்கும் நடந்து பார்த்தேன். கால்வாயையே தப்பான பக்கம் சரிச்சு வச்சிருக்காங்க. படிச்சா சரி பண்ணிடலாம்."

மகளின் அறிவை நினைத்துக் கலீல் பூரித்துப்போனார். பூரிப்பு அடங்குவதற்குள் கூட்டத்தைக் கூட்டினார்.

உறுப்பினர்கள்: மனைவி ஷரீஃபா, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவள் தம்பி மொஹ்சின். சிறப்பு அழைப்பாளர், பக்கத்து வீட்டு ஏசுபாதம். அவர் மகன் பிரிட்டோவுக்கும் அந்த வாரமே கவுன்சலிங் என்பதால், ஒரு மாதமாக அவருக்கு வேறு சிந்தனையே இல்லை.

"சிவிலா? வெயில்ல நின்னு கருத்துப்போயிடுவா" என்று ஷரீஃபா விவாதத்தைத் தொடங்கிவைத்தாள்.

"துபாய்ல சிவில் இன்ஜினியரைப் பார்த்திருக்கேன் மச்சான்" என்றான் மொஹ்சின். "பாவம். ஒரு தொப்பி குடுத்துடுவாங்க, அவ்வளவுதான்."

ஏசுபாதம் தொண்டையைச் செருமினார். "சிவில்ல ஃப்யூச்சரே இல்ல பாய். மெட்ராஸ்ல கட்ட வேண்டியதையெல்லாம் கட்டி முடிச்சாச்சு."

காலையில்தான் மூன்று லாரி டைல்ஸ் விற்றிருந்த கலீல், ஆமாம் என்று தலையாட்டினார்.

"கம்ப்யூட்டர்?" என்றார் கலீல்.

"ஐயோ, என் ஃப்ரெண்டோட பையனை அமெரிக்காவுலேர்ந்து திருப்பி அனுப்பிட்டான். இப்ப பொழிச்சலூர்ல பிரவுசிங் சென்டர் வச்சுகினு கீறான்" என்றார் ஏசுபாதம்.

"மெக்கானிக்கல்?"

"கிரீஸ் கறை சோப்பு போட்டாலும் போவாது" என்றாள் ஷரீஃபா.

"பயோடெக்?" என்றார் ஏசுபாதம்.

எல்லோரும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பயோடெக் படிச்சிட்டு வேலையில்லாம சுத்துறவன் ஒருத்தன் பேரைச் சொல்லுங்க பாய்!"

யாராலும் சொல்ல முடியவில்லை. பயோடெக் படித்தவன் ஒருவனையும் யாருக்கும் தெரியாது. ஒரு துறையின் பெருமைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

"பயோடெக்னா என்ன அங்கிள்?" என்றாள் மஹீன்.

"அதுல பயாலஜியும் இருக்கும்மா. டெக்கும் இருக்கும்."

"எனக்கு பயாலஜி பிடிக்காதே."

"அப்ப போரடிக்காது" என்றான் மொஹ்சின். "எல்லாமே புதுசா இருக்கும்."

தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. அந்த நேரத்தில் மஹீன் டீ ஊற்றிக்கொண்டிருந்ததால் அவளுடைய வாக்கு கணக்கில் வரவில்லை.

கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் அப்பாவை விட்டுவிட்டு மகளைக் கேட்டார். அனுபவம் இல்லாதவராக இருக்க வேண்டும்.

"கேளம்பாக்கம் காலேஜ்ல ஒரே ஒரு சிவில் சீட் இருக்கு. பயோடெக் நிறைய இருக்கு. உனக்கு எதும்மா வேணும்?"

"சிவில்" என்றாள் மஹீன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னாள்.

"சார், சார், ஒரு நிமிஷம்" என்றார் கலீல். "நாலு பேர் உக்காந்து பயோடெக்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"பொண்ணு வேற சொல்லுதே?"

"அதுக்கு என்ன சார் தெரியும்? அது படிக்கத்தான் போவுது."

பயோடெக் என்று பிரிண்ட் வந்தது. மின்சார ரயிலில் கலீல் எதிர் சீட்டுக்காரரிடம், "என் பொண்ணு மேல நான் எதையுமே திணிச்சதில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மஹீன் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் ஏசுபாதம் காத்திருந்தார். மஹீனுக்குக் கை கொடுத்தார். பிறகு கேட்டார்:

"சிவில் எத்தனை சீட் இருந்துது பாய்?"

"ஒண்ணே ஒண்ணு. எவனும் சீண்டலை."

"த்சொ, த்சொ" என்றார் ஏசுபாதம்.

மறுநாள் காலை கிண்டியில் அந்த ஒரு சீட்டைத் தன் மகன் பிரிட்டோவுக்கு எடுத்தார்.