ஆறாம் நம்பரின் முழங்கால்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆறாம் நம்பர் சட்டை போடுபவளின் தகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும், தங்கள் அணியினரின் கைகால்களும் நலமாக இருக்க வேண்டும்.

காயத்தடுப்புப் பயிற்சியைத் தொடரச் சம்மதம் என்று நான் கையெழுத்திட வேண்டிய படிவம் மூன்று நாளாக எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. கையெழுத்துப் போடப்போவதில்லை. போடாவிட்டால் இறுதி ஆட்டத்தில் இவளை இறக்க மாட்டீர்களாமே. அதனால் இவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு, "சாப்பாடு ரெடின்னு உன் புருஷன்கிட்ட சொல்லிடும்மா" என்று என் மனைவி வழியாகத் தகவல் அனுப்புகிறாள். நான் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். விபத்து வரக்கூடாது என்றால் லிஃப்ட்டை நிறுத்திக் கதவில் அட்டை மாட்டுவோம். நீங்களோ, காயம் வரக்கூடாது என்று பெண்ணை முக்காலி மேலிருந்து குதிக்கச் சொல்கிறீர்கள். கேட்டால், "குதிக்கிறது இல்லப்பா விஷயம், இறங்குறதுதான். முட்டி உள்பக்கமா சாயக்கூடாது, மடங்கணும், சத்தம் வரக்கூடாது. பொண்ணுங்களுக்குத்தான் முட்டி ஜவ்வு அதிகமா கிழியுதாம்" என்றாள். கிழியும் என்று தெரிந்தே யாராவது குதிப்பார்களா?

முதல் வாரம் இவள் குதித்த குதியில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் ஓடி வந்து, "பேஷன்ட் பயந்துபோய் என் விரலைக் கடிச்சிட்டாரு சார்" என்று கட்டுப்போட்ட விரலைக் காட்டினார். சரி, நாமே செய்துபார்ப்போம் என்று நானும் ஏறினேன். முக்காலிக்கு மூன்று கால், எனக்கு இரண்டு, ஐந்தும் ஒத்துழைக்கவில்லை. "அவ குதிச்சா பயிற்சி, நீங்க குதிச்சா எனக்கு வேலை" என்று மனைவி என் இடுப்பில் தைலம் தேய்த்தாள். நேற்று டாக்டர் மறுபடி வந்து, "ஒரு வாரமா மேல சத்தமே இல்லையே, பாப்பாவுக்கு அடிகிடி பட்டுடுச்சா?" என்றார். அவள் அப்போது என் முதுகுக்குப் பின்னால் குதித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கும் கேட்கவில்லை.

போன வருடம் உங்கள் அணித் தலைவி, யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கிய இடத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளே, அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. எனக்குப் பயம் மேடம், அவ்வளவுதான். ஆகவே இவளை ஸ்கோர் எழுத உட்கார வையுங்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

தங்கள் அணி ஜெயிக்கட்டும், எல்லாப் பிள்ளைகளும் நடந்தே வீடு திரும்பட்டும் என்று வாழ்த்தும்,

ஆறாம் நம்பரின் அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை (சிரிக்காதீர்கள், அட்டை மாட்டியதே நான்தான்). கழுவிவிட்ட படிக்கட்டில் கால் வழுக்கி, கடைசி நாலு படி அந்தரத்தில் போனேன். மூன்று நாளாகப் பேசாதவள் மேலிருந்து, "அப்பா, முட்டிய மடக்கு!" என்று கத்தினாள். மடக்கினேன். இரண்டு காலில் வந்து நின்றேன். டாக்டர் கதவைக்கூடத் திறக்கவில்லை. படிவம் கையெழுத்தோடு உள்ளே இருக்கிறது. மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம்.