காதாலேயே டைமிங் பிடிப்பவர்

மனித குலத்தில் டைமிங்காரர் என்று ஓர் இனம் உண்டு. பழைய லாரி ஒன்று கிளம்ப மாட்டேன் என்று இரண்டு முறை முக்கினால் போதும். மூன்றாவது முக்கலுக்குள், பனியனோடும் கையில் காபிக் கோப்பையோடும், யாரும் அழைக்காமலே வந்து பானட்டுக்குள் தலையை விட்டிருப்பார். எந்த வண்டி படுத்தாலும் கோளாறு டைமிங்தான், அதாவது இன்ஜினில் தீப்பொறி விழும் நேரம்தான், என்பார். மெக்கானிக்கா? அதெல்லாம் இல்லை. எங்கள் பயாமோ நகரில் தெருவுக்கு நான்கு பேர் தேறுவார்கள். அசல் சரக்கு ரிகோபெர்த்தோ. பிழைப்புக்கு முடி வெட்டுகிறார்.

போன சனிக்கிழமை ஃபெர்மினின் லாரி தெருமுனையில் படுத்துவிட்டது. உள்ளே அவர் மகள் யானெலிஸ், பதினைந்தாவது பிறந்தநாள் கவுனில், மடியில் முட்டை நுரை பூசிய மூன்றடுக்குக் கேக்கோடு. பதினைந்து என்றால் எங்களுக்குக் கல்யாணம் மாதிரி. மண்டபத்தில் முதல் நடனம் அப்பாவும் மகளும் ஆட வேண்டும். ஃபெர்மின் அதற்காக மாதக்கணக்கில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பழகியிருந்தார்.

ரிகோபெர்த்தோ கண்ணை மூடிக்கொண்டு, “செல்ப் போடு,” என்றார். லாரி முனகியது. “டைமிங்தான் மாப்ளே. காதுக்கே தெரியுது.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானண்ணே ஓடுச்சு?”

“நேத்து எனக்குக்கூடத்தான் முடி இருந்துச்சு.”

அந்த நேரத்தை முன்பின் நகர்த்தும் டிஸ்ட்ரிப்யூட்டரின் போல்ட்டைத் தளர்த்தினார். தளர்த்தும் முன், அது இருந்த இடம் தெரிய ஒரு கோடு கிழித்து வைத்தாரா? கிழித்தால் அவர் எப்படி இந்த இனத்தில் சேர்த்தி? வலப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பினார். லாரி கார்புரேட்டர் வழியாகத் தும்மி அவர் புருவத்தைப் பொசுக்கியது.

“பாத்தியா, உயிர் வருது,” என்றார்.

அந்தச் சத்தம் போதாதா, மற்ற டைமிங்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். எங்களூரில் நாலு பேர் நின்றால், வருகிறவர் எதற்கென்று கேட்கமாட்டார். கடைசி ஆள் யார் என்று கேட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொள்வார். ஒருவர் இடப்பக்கம் திருப்ப, அடுத்தவர் வலப்பக்கம் திருப்ப, அதற்கடுத்தவர் முன்னவர் இருவரும் மடையர்கள் என்று அறிவித்துவிட்டுப் பழையபடி இடப்பக்கம் திருப்ப, முட்டை விற்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தியும் பையோடு வந்து நின்றாள். பொறுமையிழந்த ஃபெர்மின் ஸ்பானரைப் பிடுங்கப் போனார்.

“மாமா, வரிசைல வாங்க. நாங்கல்லாம் எவ்வளவு நேரமா நிக்கிறோம்,” என்றான் ஒருவன்.

“லாரி என்னுதுடா.”

“அதுக்கு? கடைசி யாருன்னு கேட்டீங்களா?”

ஃபெர்மின் கேட்டார். பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம், என்ன செய்ய? முட்டை வாங்க வந்த அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

வெயிலில் கேக்கின் மேலடுக்கு சரிந்தது. யானெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, வழியில் வந்த குதிரை வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“அப்பா, வாங்க போலாம்.”

“எனக்கு முன்னாடி ரெண்டு பேர்தாம்மா. நீ போய்ட்டே இரு.”

முதல் நடனத்தை அவளோடு ஆடியவர் அந்த வண்டிக்காரர். பாவம், நன்றாகவே ஆடினாராம்.

லாரிக்கு என்னதான் கோளாறு என்கிறீர்களா? சொல்லப்போவதில்லை. ‘காயிலாகத்தான் இருக்கும், ஒரு தடவை கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்’ என்று உங்கள் உதடு துடிக்கிறது, இல்லையா? அங்கே ஒரு பெண் அப்பா இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் தலை மட்டும் இன்னும் பானட்டுக்குள்ளேயே இருக்கிறது.