சேவல் அடைகாக்கும் தேசம்

பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பறவை பார்க்கிற மனுசரைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். அந்த இனத்தில் ஒன்று ஃபாரஸ்ட் கேட் என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவிலேயே இருக்கிறது. கழுத்தில் பைனாகுலர், உடம்பெல்லாம் பொக்கெற் வைத்த சட்டை, யார் வாய் திறந்தாலும் “உஸ்” என்று எழும்பும் ஒரு விரல். குக்கர் கூவினால் அதற்கும் ஒரு உஸ்.

பெயர் பாலேந்திரா. போன கோடையில் நோர்வேயிலுள்ள தம்பியிடம் போனவர், அங்கிருந்தும் வடக்கே, மரமே முளைக்காத துந்திரா வெளிக்குப் போய், ஈரப் பாசியில் குப்புறப் படுத்து, நுளம்பு முகத்தைத் தின்னத் தின்ன, ஒரு கரைப்பறவை முட்டையில் குந்தியிருப்பதை அரைநாள் அசையாமல் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? வீட்டுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் வடையோடு டிவியில் படமும் காட்டினார். வடை முடிந்துவிடும். படம் முடியாது.

“பொறுமை வேணும், தங்கச்சி” என்பார் என்னிடம்.

இந்தப் பொறுமைசாலி தன் இரட்டைப் பிள்ளைகளோடு பத்து நிமிடம் தனியே இருந்ததில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் மனைவி நகுலேஸ்வரி இரண்டு தரம் டிரைவிங் டெஸ்டைத் தவறவிட்டாள். மூன்றாவது, ஒரு சனிக்கிழமை வந்தது. முதல் நாள் மாலை நானும் அங்கே படத்துக்கு அகப்பட்டிருந்தேன்.

“இந்தச் சிவப்புக் கழுத்துக்காரரிலை ஒரு விசேஷம்” என்றார். “பெட்டை முட்டையை இட்டிட்டுப் போயிடும். சேவல்தான் அடைகாத்துக் குஞ்சையும் பாக்கும். என்ன வடிவான ஒழுங்கு.”

வடைத் தட்டோடு வந்த நகுலேஸ்வரி நின்றாள்.

“சேவல் தனியவோ?”

“ஓம், தனியத்தான்.”

“அந்தக் குளிருக்கையோ?”

“அசையாது.”

“நல்லது. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட். நீங்கள் குந்துங்கோ.”

“இஞ்சை பாரும், நாளைக்கு எசெக்ஸ் சதுப்பு நிலத்திலை நான்…”

“உஸ்” என்றாள், அதே விரலைத் தூக்கி.

மறுநாள் எட்டிப் பார்த்தேன். மனுசன் கார்ப்பெட்டில் குப்புறக் கிடக்கிறார்; முதுகில் இரண்டு குஞ்சுகள்; ஒன்றின் வாயில் பைனாகுலர் வார். துந்திராவில்கூட அவர் இவ்வளவு அடங்கிக் கிடந்திருக்க மாட்டார். நகுலேஸ்வரி பாஸ். இப்போது சனிக்கிழமைகளில் அவள்தான் பறக்கிறாள், மோர்டனில் அக்கா வீடுவரை.

சிரிக்கிறீர்களா? நீங்கள் இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டபடி இருக்கிறது. கேட்காதமாதிரி இருக்க வேண்டாம். மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போங்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு முட்டை ஆறிக்கொண்டிருக்கும்.