போர்டு சாரின் முப்பது

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை வலைபோட்டுத் தேடினாலும், கண்ணால் காணாத ஒன்றை எழுத மறுப்பவர் போர்டு சாரைத் தவிர வேறொருவர் கிடைக்கமாட்டார். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் அவருடைய இயற்பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.

பொதுமக்களே சேர்ந்து இணையத்தில் திருத்திவரும் வரைபடம் ஒன்றில், எந்தச் சாலையில் எவ்வளவு வேகம் என்று பதிவது அவர் பணி. சம்பளம் கிடையாது, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. புழுதி படிந்த ஒரு வேக வரம்புப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்துப் படிப்பதற்காகவே இரும்புலியூரில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர். எங்கள் தெருவில் பைக்குகள் பறக்கின்றன, இருபது என்று போட்டுவிடுங்கள் என்று எல்லோரும் கெஞ்சியபோது என்னிடம் சொன்னார்: "போர்டு இல்லாம எழுதினா அது நம்ம ஆசை மேடம், மேப் இல்ல." சில வாரங்கள் தெருவில் அவருடன் யாரும் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒரு காலில் மட்டும் செருப்புடன் என் வாசலில் நின்றார்.

"மேடம், ஸ்கூட்டர எடுங்க. தப்பு பண்ணிட்டேன்."

ஏரிக்கரைச் சாலையில் வேகம் ஐம்பது. பள்ளி வாசலில் மட்டும் முப்பது. வரைபடத்தில் அவை இரண்டு துண்டுகள். முந்தைய வாரம் ஒரு வளைவைச் சீர்செய்கையில் சார் இரண்டையும் ஒட்டிவிட்டார். ஐம்பது பள்ளி வாசல்வரை பரவிவிட்டது. கணினியில் அன்று காலையே திருத்திவிட்டார். ஆனால் பள்ளி வேன் ஓட்டும் செல்வத்தின் ஃபோனில் இருந்தது பிழையான படம். வேகம் மீறினால் கூவி எச்சரிக்கும் செயலியோடு அதை ஞாயிறன்று இறக்கிக் கொடுத்தவர் சாரேதான். அழைத்தால் செல்வம் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது ஃபோனைத் தொடக் கூடாது என்று அவருக்கு உத்தரவிட்டவரும் சார்தான்.

எட்டே முக்காலுக்குப் பள்ளி மணி. வேனில் பன்னிரண்டு குழந்தைகள். வாசலில் அதைப்போல் பன்மடங்கு. சர்ச் தெருவில் நுழைந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். பின்னாலிருந்து நடுங்கிய குரல் வந்தது.

"இங்க முப்பது, மேடம்."

"சார், அங்க குழந்தைங்க."

"தெரியும். இங்கயும் வருவாங்க."

அவ்வளவு மெதுவாக யாரும் பதறியிருக்கமாட்டார்கள். தெருவின் கடைக்கோடியில் செல்வத்தின் மஞ்சள் வேன் குறுக்கே கடந்து பள்ளிப் பக்கம் திரும்பியது. வெறிச்சோடிக் கிடந்த தெருவில் என் ஸ்கூட்டரின் வேக முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. சார் என் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பள்ளி வாசலில் வேன் நின்றிருந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தனர். சார் ஓடினார். செல்வத்தின் ஃபோனையும் வாசலில் இருந்த முப்பது என்ற பலகையையும் மாறி மாறிச் சுட்டினார்.

"இன்னா சார், இன்னொரு செருப்பு எங்க?" என்றார் செல்வம். "ஓ, அந்த ஃபோனா? ஸ்கூலாண்ட வந்தும் அம்பதுன்னே காட்டிக்கினு இருந்துச்சு. சார் இப்டி எழுதமாட்டாரே, ஃபோன்தான் பேஜாராயிடுச்சுன்னு அதக் கண்டுக்கவே இல்ல. எப்பவும் போல மெதுவாத்தான் வந்தேன்."

சார் பலகையின் கம்பத்தைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே விளக்கம் எழுதுவது அந்த வரைபடக்காரர்களின் வழக்கம். அன்று மாலை சார் எழுதியது இன்னமும் அங்கே இருக்கிறது: 'தவறு என்னுடையது. வேன் ஓட்டுநர் கவனித்தார். ஸ்கூட்டர் ஓட்டியவர் எங்கும் வேக வரம்பை மீறவில்லை.'

சார் இப்போது மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதிய அந்த ஒரே பொய்யை மெய்யாக்கும் பொருட்டு, சர்ச் தெருவில் நான் இன்றும் முப்பதிலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.