பிரியாணிக்காகப் பிடுங்கிய பியூஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வெங்கடபதி தன் சொந்தக் காருக்கே துரோகம் செய்தார். பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகிற பியூஸைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். பானெட்டை மூடினார். ஒன்றுமே தெரியாத பச்சைப்பிள்ளையாக உள்ளே போய்க் காபி கேட்டார்.

காரணம், பிரியாணி. செப்புக் கம்பி வியாபாரி கலீல் ரஹ்மான் இவருக்கு இருபது வருசச் சிநேகிதர். பேரன் பிறந்த சந்தோசத்தில் அன்றைக்கு மத்தியானம் கோட்டைமேட்டில் விருந்து போடுகிறார். அதே நாள் பார்த்து அன்னூரில் மச்சினன் அங்கப்பன் புது வீடு குடி போகிறான். அங்கே போனால் என்ன கிடைக்கும்? அவரைக்காய்ப் பொரியல் கிடைக்கும். அதைத் தின்று முடித்ததும் அங்கப்பன் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் காட்டுவான். பாதி கட்டின வீட்டையே மூன்று மணி நேரம் காட்டினவன்! கார் ஓடாவிட்டால் இந்தக் கண்டமெல்லாம் இல்லை. பொண்டாட்டியை பஸ் ஏற்றிவிட்டு, 'காரைப் பார்க்கிறேன்' என்று இவர் நின்றுகொள்ளலாம். மூளை என்றால் அதுவல்லவா மூளை!

கணபதி வட்டாரத்தில் வெங்கடபதி லேசுப்பட்ட ஆள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைப் போனில் கேட்டே, "பேரிங் போச்சுங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். மனிதர் சோற்றை விட அந்தப் பெருமையைத்தான் அதிகம் தின்று வளர்ந்தவர்.

ஒன்பது மணிக்குப் பொண்டாட்டி பிரவீனா பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். வெங்கடபதி சாவியைத் திருப்பினார். கிர்ர்ர்ர். மறுபடியும் திருப்பினார். கிர்ர்ர்ர். இஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

"அட! என்னாச்சு இதுக்கு?" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"ஏனுங்க, பேட்டரிங்களா?"

"பேட்டரியேதான் அம்மணி. செத்துப்போச்சு."

பிரவீனா கையை நீட்டி ஹாரனை அமுக்கினாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது."

"அப்ப பெட்ரோல் தீந்திருக்கும்."

"நேத்து நீங்கதானுங்க டேங்க் ரொப்பீட்டு வந்தீங்க."

"பிளக் நனைஞ்சிருக்கும்."

"மழையே இல்லீங்களே." பிரவீனா கொஞ்சம் யோசித்தாள். "சாவி திருப்புனதும் பின்சீட்டுக்கு அடியில ஙொய்னு ஒரு சத்தம் வருமுங்க. இன்னிக்கு அதக் காணமுங்க. பெட்ரோல் பம்பு ஓடலீங்களோ?"

வெங்கடபதி சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு ஒரு பெண் பேசினால், ஆகா என்ன மரியாதை என்று வெளியூர்க்காரன் நினைப்பான். கட்டிக்கொண்டவனுக்கல்லவா தெரியும்!

"அதெல்லாம் உனக்குப் புரியாது கண்ணு. பெரிய கோளாறு. இஞ்சினையே எறக்கோணும். நீ பஸ்ல போயிரு."

அந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு லேத் பட்டறைக்காரர் பொங்கியண்ணன். கணபதியில் யார் பெரிய வேலைக்காரர் என்று இவருக்கும் அவருக்கும் பத்து வருசமாக ஒரு பனிப்போர்.

"என்னங் அம்மணி, காரு எடுக்கலீங்களா?"

"ஆமாங்ணா. என்ன கோளாறுன்னு இவுங்களுக்கே தெரியலீங்களாமா."

"தெரியலைன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று வெங்கடபதி பாய்ந்தார்.

"விடுங் அம்மணி," என்றார் பொங்கியண்ணன். "அவரு பாவம், பம்புசெட்டுக்குக் கம்பி சுத்தறவரு. காருன்னா அதுக்குன்னு படிச்சவங்க வேணுமுங்க. நான் வேணா ஒரு மெக்கானிக்குக்குப் போன் போடட்டுங்களா? அப்படியே டீக்கடையிலயும் சொல்லிப்போடறேன். வெங்கடபதி காரு வெங்கடபதிக்கே எடுக்க வரலைன்னு."

பாவமா! யார் பாவம்? வெங்கடபதிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அந்த ஒரு நிமிசம் கோட்டைமேடும் நினைவில் இல்லை, பிரியாணியும் நினைவில் இல்லை.

"ஏனுங் பொங்கியண்ணா, ரெண்டு நிமிசம்! ரெண்டே ரெண்டு நிமிசம்! ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. இது தொழில் ரகசியம்!"

இரண்டு பேரும் சமத்தாகத் திரும்பிக்கொண்டார்கள். பானெட் திறந்தது. பையிலிருந்த பியூஸ் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாவியைத் திருப்பினார். ஙொய்! கிர்ர், புர்ர்ர்ரூம்!

"எப்பூடி?" வெங்கடபதி வேட்டியை மடித்துக் கட்டினார். "காரா இருந்தா என்ன, கிரைண்டரா இருந்தா என்ன? நம்ம கை பட்டா எந்திரிச்சு ஓடோணுமல்லங்க?"

"அடேங்கப்பா!" என்று பொங்கியண்ணன் கும்பிட்டார்.

"உங்க கைக்கு யாருங்க நிகரு?" என்று பிரவீனா சீட் பெல்ட்டை மாட்டினாள். "பத்தரைக்கு முகூர்த்தமுங்க. எடுங்க போலாம்."

அப்போதுதான் வெங்கடபதிக்கு உறைத்தது. தன் இலையைத் தானே சுருட்டி எறிந்துவிட்டார். ஓடுகிற காரை இனி என்ன சொல்லி நிறுத்துவது? காரை அன்னூர்ப் பக்கம் திருப்பினார்.

சரவணம்பட்டி சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. பிரவீனா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கலீல் ரஹ்மான்.

"வெங்கடபதி, வர முடியலைன்னு ஒண்ணும் வருத்தப்படாதீங்க. மச்சினன் ஊட்டு விசேசமுன்னா போய்த்தான ஆகோணும். உங்களுக்குப் பதிலா பொங்கியண்ணன் கெளம்பிட்டாராமா."

"அவரா? அவர யாருங்க கூப்புட்டது?"

"நம்ம பிரவீனா தங்கச்சிதான் சொல்லுச்சுங்க. அங்கப்பன் ஊட்டுல விசேசமுன்னாலே உங்க காருக்கு ஏதாச்சும் நோவு வந்துருமாமா. பொங்கியண்ணன் வந்து ரெண்டு வார்த்தை பேசுனா சரியாப்போயிருமாம். அதுக்குக் கூலியா உங்க சாப்பாட்ட அவருக்குப் போடச் சொல்லுச்சு."

"எப்பங்க சொல்லுச்சு?"

"நேத்து சாயங்காலமுங்க."

சிக்னல் பச்சை விழுந்ததுகூட வெங்கடபதிக்குத் தெரியவில்லை. பின்னால் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பிரவீனா போன் பக்கம் குனிந்தாள்.

"பொங்கியண்ணனுக்குக் கறி நெறையாப் போட்டுக் குடுங்கண்ணா. நம்மூட்டுக்காரரு பங்குங்க."