நோயே இல்லாத மனுஷன் கொடுத்த ரத்தம்

செத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அன்று காலை சபதம் செய்தேன். செத்த பிறகு எதற்கு வரவேண்டும் என்று யோசிக்கவில்லை.

நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கனத்தைப் பார்த்தால் என் மச்சினன் போலிருந்தது. மெத்தைக் கடை நடத்துகிறவன் நான். அழுத்தம் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வெறும் வாயு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. கிளம்பிக்கொண்டிருந்தவள் என் நெற்றி வியர்வையைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, தாடையும் வலிக்குதா?"

"வலிக்காம? கல்யாணம் ஆனதுலேருந்து உன்கிட்ட பதில் சொல்லிக்கிட்டிருக்கேனே!"

"விளையாடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"தும்முனா டாக்டர்கிட்ட ஓடுறதுக்கு நான் என்ன உன் தம்பியா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, விடுங்க. லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கு. நோயே இல்லாத ஆம்பளை ரத்தத்தை வச்சு அதைச் சரிபாக்கணுமாம். தம்பியையே கூப்பிட்டுக்கறேன்."

"அவனையா? மெஷின் பழுதாயிடும்டி! நகரு, சட்டையை எடு. நான் வரேன்."

ஆட்டோவில் அவள் என் கையை விடவே இல்லை. யாருக்கோ போன் செய்து, "கூட்டிட்டு வரேன், ரெடியா இருங்க" என்றாள். எனக்கு வரவேற்பு ஏற்பாடு என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

வாசலிலேயே படுக்கவைத்தார்கள். அமுக்கிப் பார்த்தேன், மட்டமான மெத்தை. மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். மாத்திரை ஒன்றை மெல்லச் சொன்னார்கள். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லையாம். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊசியோடு வந்தார்கள்.

"ஏன், மொதல்ல எடுத்தது அவ்வளவு பிரமாதமா?" என்றேன்.

"ஆமாங்க. எல்லாரும் இன்னொரு தடவை பாக்கணும்ங்கறாங்க" என்றாள் மனைவி.

நானும் பெருமையாக மறு கையை நீட்டினேன்.

அந்த ரத்தத்தோடு லேபுக்குப் போனவள் திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"இதயத் தசை அடிபட்டா ட்ரோபோனின்னு ஒரு புரதம் ரத்தத்துல கசியுங்க. மொதல் ரத்தத்துல லேசாதான் இருந்துச்சு. இப்போ ஏறியிருக்கு. இது மாரடைப்புங்க. ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம்."

நான் வாயு, வாயு என்று அடம்பிடித்த நேரமெல்லாம் என் இதயம் துளியூண்டு புரதத்தை ரத்தத்தில் விட்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! கண்ணுக்கே தெரியாத அதை ஒரு மெஷின் தேடிப் பிடித்திருக்கிறது. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் பார்க்கிற வேலை இவ்வளவு பெரியதா? இத்தனை வருஷம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இதயத்தில் பாதி போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் தெம்பு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"நோயே இல்லாத ஆம்பளை ரத்தம் வேணும்னியே, அது பச்சைப் பொய்தானே?"

"பொய்யா? நிஜமாவே வேண்டியிருந்துச்சுங்க" என்றாள், போர்வையை இழுத்துவிட்டபடி. "அதைத் தம்பி முந்தாநாளே வந்து குடுத்துட்டான்."